பல்லுக்குப் போட்ட தங்கச் சங்கிலி

என் ஓர்ப்படி ஸாதனாவின் மகளுக்குத் தங்கச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். கழுத்தில் இல்லை, பல்லில். நம்பாதவர்கள் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். யார் வந்தாலும் அந்தப் பெண் விஷ்ணுப்ரியா வாயைத் திறந்து காட்டிவிடுவாள். மேல் ஈறுக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு சங்கிலி இறங்கி, பல்லுக்குப் போட்ட கம்பியில் போய் மாட்டிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, அட, நிஜத் தங்கமா என்று கேட்பார்கள். ஆமாம், தங்கம்தான் என்று ஸாதனா அடக்கமாகச் சொல்வாள். அந்த அடக்கம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என் மகள் அதிதிக்கும் அதே வயசு, அதே வகுப்பு, அதே பல்லில் அதே கோளாறு. ஆனால் அவளுக்குச் சங்கிலி கிடையாது. ஒரு பால்பல்லைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. மாமனாரின் அப்பா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம். கீழே மைத்துனர் விஸ்வநாத்தும் ஸாதனாவும் விஷ்ணுப்ரியாவும் இருக்கிறார்கள். மாடியில் நானும் என் வீட்டுக்காரர் வெங்கிடராமனும் அதிதியும். அடுப்பு இரண்டு, கூடம் ஒன்று. மாமனார் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனார். இந்த வீட்டுக்குள் எது வந்தாலும் இரண்டு பங்காகப் பிரிய வேண்டும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பலாப்பழம் வந்தால் சுளையை எண்ணிப் பிரிப்போம். தீபாவளிக்கு இரண்டு பெண்களுக்கும் ஒரே துணியிலிருந்து பாவாடை. அவர்கள் பிறந்ததே சில வார வித்தியாசத்தில்தான். ஒரே நாளில், ஒரே தட்டானிடம் காது குத்தி, ஒரே எடையில் தோடு போட்டோம். தட்டான் நிறுக்கும்போது தராசுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் ஸாதனா நின்றாள். ஒரு குண்டுமணி கூடவில்லை, குறையவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் இருவரும் முகம் கோணாமல் இருந்ததற்கு அந்தச் சட்டம்தான் காரணம்.

பல் விஷயம் மட்டும் சட்டத்துக்குள் அடங்கவில்லை. மேல்வரிசைக் கோரைப்பல் இந்த வீட்டில் யாருக்குமே ஒழுங்காக வந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயசு நெருங்குகிறது, அந்த இடத்தில் இன்னும் பால்பல்தான் உட்கார்ந்திருக்கிறது. மைத்துனருக்கு அந்த இடமே காலி. மாமனாரின் படத்தில் அவர் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து ரொம்பக் கண்டிப்பான மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள். கண்டிப்பெல்லாம் இல்லை, பல் இல்லை. யாரும் எண்ணிப் பிரிக்காமலே இரண்டு பங்காளிகளுக்கும் சமமாக வந்த சொத்து இது ஒன்றுதான்.

பெண்களுக்கு முழுப் பரீட்சை முடிந்த கையோடு இரண்டு பேரையும் தோப்பும்படியில் ஷெரின் என்கிற பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். நான்கு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரே வண்டியில் போனோம். இரண்டு பேருக்கும் எக்ஸ்-ரே எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். விஷ்ணுப்ரியாவின் பல் எலும்புக்குள் குறுக்கே படுத்துக் கிடக்கிறது, அது தானாக வராது. ஈறைக் கொஞ்சம் திறந்து, உள்ளே இருக்கிற பல்லில் ஒரு சின்னப் பொட்டு மாதிரி ஒட்டி, அதில் ஒரு தங்கச் சங்கிலியைக் கோத்து, கம்பியோடு கட்டி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அதிதியின் பல் அப்படிப் படுக்கவில்லை, சாய்ந்துதான் நிற்கிறது. வழியில் நிற்கிற பால்பல்லை எடுத்துவிட்டால் அதுவாகவே இறங்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். வராவிட்டால் அப்போது சங்கிலி.

எல்லாம் சரிதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் டாக்டர் யாரைப் பார்த்தார் என்பதையும் நான் கவனித்தேன். மைத்துனர் வல்லார்பாடம் கண்டெய்னர் டெர்மினலில் வேலை பார்க்கிறார். அன்றைக்கும் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஜூ டவுனில் சுக்குக் கிடங்கில் மேற்பார்வை. கிடங்கிலிருந்து வந்து அப்படியே வண்டி ஏறினதால் சட்டை முழுக்கச் சுக்குத் தூள், பக்கத்தில் இருந்த நர்ஸ் இரண்டு தரம் தும்மினாள். அட்டைக்காரர் பெண்ணுக்குத் தங்கம், தூள்காரர் பெண்ணுக்குப் பிடுங்கல் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் தோன்றினதுதான்.

அப்போதே டாக்டரிடம் கேட்டேன். இரண்டும் ஒரே வீட்டுக் குழந்தைகள், அவளுக்குப் போடுகிறதை இவளுக்கும் போட்டுவிடுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். கிண்டலாக இல்லை, நல்ல விதமாகத்தான். ஆனாலும் சிரித்தார். வேண்டாத கத்தியை எதுக்குக் கேக்கறே என்று என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஸாதனா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அதிதியின் பால்பல்லைப் பிடுங்க ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள், மறுநாள் காலையில் தோசை சாப்பிட்டாள். கதை முடிந்தது. விஷ்ணுப்ரியாவுக்கு ஈறு திறந்த அன்றைக்கோ வீடே தலைகீழாகிவிட்டது. மைத்துனர் லீவு போட்டார். பாலக்காட்டிலிருந்து ஸாதனாவின் அம்மா அப்பா வந்து இறங்கினார்கள். ஐஸ்கிரீம் வந்தது, குழைந்த கஞ்சி வந்தது, தெருவில் இருக்கிற கொங்கணிக்காரர்கள், குஜராத்திக்காரர்கள் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். மாடி ஏறி அதிதியை எட்டிப் பார்த்தவர் ஒருவர் இல்லை. அவளும் பல்லைத்தானே கொடுத்தாள்? நானே கடைக்குப் போய் அதே ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம் அம்மா, வலிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே விஷ்ணுப்ரியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஐஸ்கிரீம் உருகிப் போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அந்தச் சங்கிலிதான். பல் இறங்க இறங்க, மாதாமாதம் டாக்டர் சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியை வெட்டி எடுப்பார். வெட்டின துணுக்கை ஸாதனா வாங்கிக்கொண்டு வந்து ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைப்பாள். கடுகில் பாதிகூட இருக்காது. அதை உள்ளங்கையில் கொட்டி எல்லோருக்கும் காட்டுவார்கள். மைத்துனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். சொல்லும்போது என் வயிறு எரிந்தது, அதையும் மறைக்கவில்லை, முகத்திலேயே இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தினமும் விளக்கேற்றி முடிந்ததும் கீழே ஸாதனா டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்காருவாள். சங்கிலியில் சோறு கீறு மாட்டியிருந்தால் புண்ணாகிவிடுமாம், சின்ன பிரஷ் வைத்துத் துடைக்க வேண்டுமாம். ஆ காட்டு என்பாள். விஷ்ணுப்ரியா ஆ என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு ஆ கேட்கும். பிறகு மூன்று பேரும் சிரிப்பார்கள். மாடியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிற எனக்கு அந்த இரண்டு ஆவும் சிரிப்பும் படிக்கட்டு வழியாக ஏறி வரும். ஒரு தரம் பார்த்தால் போதாதா, இரண்டாம் தரம் வேறு கேட்கிறதா என்று எரிச்சலாக இருக்கும். அதிதீ, மேலே வா, படிக்கணும் என்று கூப்பிடுவேன். தோ வரேன் என்பாள், சீக்கிரம் வர மாட்டாள்.

வந்தாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பல் பிடுங்கின நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். அந்த ஓட்டையை நினைத்து வெட்கப்படுகிறாள், விஷ்ணுப்ரியாவின் வாய்க்குத் தங்கம், என் பெண்ணின் வாய்க்கு உள்ளங்கையா என்று என் மனசு கிடந்து துடித்தது. இதை எல்லாம் நான் விஷ்ணுப்ரியாவின் வாயைப் பார்த்துப் பார்த்தே நினைத்துக்கொண்டேன். எத்தனை கண்ணி போச்சு, எவ்வளவு இறங்கியிருக்கிறது, மூக்குப் பக்கம் வீக்கம் இருக்கிறதா இல்லையா, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஸாதனாவுக்கு மறந்து போகிற தேதியைக்கூட நான் சொல்வேன்.

ஆறு மாதம் கழித்துப் படம் எடுக்க வரச் சொன்னார்களே, அந்த நாளும் வந்தது. நான் போகவில்லை. போனால் அங்கே ஸாதனாவும் விஷ்ணுப்ரியாவும் இருப்பார்கள். நர்ஸ் அவளைக் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சுவாள், டாக்டர் தங்கக்குட்டி என்று கூப்பிடுவார். ஸாதனாவே சொல்லியிருக்கிறாள். அங்கே போய், சும்மா இருக்கிற வாயைக் காட்டிக்கொண்டு என் பெண் உட்கார வேண்டுமா? அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளினேன். என் வீட்டுக்காரர் கேட்டதற்குப் போயாச்சு என்று சொல்லிவிட்டேன். ஸாதனா ஒரு நாள் மாடிப்படியில் நின்று, மன்னி, அதிதியையும் ஒரு தடவை காட்டிடலாமே என்றாள். என் பெண்ணை எனக்குப் பார்த்துக்கத் தெரியும் என்றேன். அவள் இறங்கிப் போனாள்.

கார்த்திகைக்குச் சில வாரம் முன்னால், யாருக்கும் சொல்லாமல் அதிதியை எர்ணாகுளத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டர் கோவிந்த் என்று ஒருவர், நல்ல பெயர். முதலில் எடுத்த பழைய படத்தைக் காட்டினேன். இதே கோளாறுக்கு இவள் தங்கைக்குச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், இவளுக்கும் போட வேண்டும் என்றேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் ஈறைத் தடவினார். பழைய படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கிறிஸ்துமஸ் லீவில் கூட்டி வாங்கோ, புதுசாகப் படம் எடுத்து, தேவைப்பட்டால் அன்றைக்கே செய்துவிடலாம் என்றார். தேவைப்பட்டால் என்றும் சொன்னார்தான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேதி கிடைத்ததே, அது போதும் என்று இருந்தது.

திரும்பி வரும்போது அதிதியிடம் சொன்னேன், யாரிடமும் மூச்சு விடாதே, போட்டுக்கொண்டு வந்து நிற்கலாம், அப்போது பார்க்கட்டும் என்று. எனக்குச் சங்கிலி வேணும்னு நான் சொல்லவே இல்லையே அம்மா என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் லீவில் அந்தத் தேதியும் வந்தது. கீழே யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம், எர்ணாகுளத்தில் ஒரு வளைகாப்பு, குழந்தையையும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். போர்ட் கொச்சிக்கு ஆட்டோவில் போய் அங்கிருந்து போட் ஏறினோம். காற்று நன்றாக வீசியது. நடுவில் போட் திரும்பும்போது வல்லார்பாடத்துக் கிரேன்கள் வரிசையாக நின்றன. தண்ணீரில் போனாலும் மைத்துனரின் பெருமை கண்ணில் விழாமல் இருக்காது போலிருக்கிறது என்று நான் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அதிதியின் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. பயமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

க்ளினிக்கில் காத்திருக்கும்போது போன் அடித்தது. ஸாதனா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, கட் பண்ணினேன். மறுபடியும் அடித்தது. சரி, எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்று புரிந்தது. தன் பெண்ணுக்கு மட்டும் இருந்த தங்கம் இன்னொருத்திக்கும் வரப்போகிறது என்று தெரிந்ததும் தாங்க முடியவில்லை, தடுக்கப் பார்க்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போனின் சத்தத்தை அமுக்கிப் பையின் அடியில் போட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் மனசுக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிதி நாற்காலியில் சாய்ந்து படுத்தாள். டாக்டர் கோவிந்த் விளக்கைத் திருப்பி, படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உதட்டைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தினா சேச்சி, எதுக்கு இவளைக் கொண்டு வந்தேள்? பல்லு வந்தாச்சே."

எனக்குப் புரியவில்லை. எந்தப் பல் என்று கேட்டேன். கோரைப்பல்தான், ஈறைக் கிழித்துக்கொண்டு நுனி வெளியே வந்துவிட்டது, நல்ல இடத்தில், நேராக வருகிறது, இதற்குச் சங்கிலியும் வேண்டாம் கத்தியும் வேண்டாம் என்றார். வந்து கொஞ்ச நாளாகியிருக்குமே, வீட்டில் நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையுறையைக் கழற்றினார். ஒரு படம் மட்டும் எடுத்துக் கொடுத்து, இனிமேல் முதல் டாக்டரிடமே காட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதிதியும் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் டாக்டர் கொடுத்த படத்தை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ம். கார்த்திகை அன்னிக்கே வந்துடுத்து."

"பின்னே ஏன்டி எங்கிட்டே சொல்லலை?"

அவள் கொஞ்ச நேரம் செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு சொன்னாள். "நீயா பாக்கட்டும்னு இருந்தேன். எத்தனை நாளாறதுன்னு பாத்துண்டே இருந்தேன். நீ பாக்கவே இல்லை. இங்க வந்தா டாக்டர் பாப்பார், அப்போ நீயும் பாப்பேன்னு வந்தேன்."

டாக்டர் பார்க்காமல் ஊசி போட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அப்போ சொல்லியிருப்பேன் என்றாள். அவளுக்கு என் கோபம் வந்திருக்கிறது, வேறெங்கே போகும்? அது எனக்கு ஒரு பக்கம் திருப்தியாகக்கூட இருந்தது. அடுத்த கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"விஷ்ணுக்குத் தெரியும். சித்திக்குத் தெரியும்." பிறகு சர்வசாதாரணமாகச் சொன்னாள். "சித்திதான் முதல்ல பாத்தா. தினோம் விஷ்ணுவைப் பாத்துட்டு என்னையும் பாப்பாளே. ரெண்டு பேருக்கும் சமமா."

இரண்டாவது ஆ. ஏப்ரலிலிருந்து படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டிருந்த அந்த இரண்டாவது ஆ என் பெண்ணுடையது. மாமனாரின் சட்டத்தை என்னைவிட ஒழுங்காகக் கீழே ஒருத்தி காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சங்கிலியைப் பார்த்தபோது எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் எனக்கு நிஜமான பொறாமை என்றால் என்ன என்று தெரிந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

பையின் அடியிலிருந்து போனை எடுத்தேன். ஸாதனா பதினோரு தரம் கூப்பிட்டிருந்தாள். நானே கூப்பிட்டேன். அழுதுகொண்டே பேசினாள். விஷ்ணுப்ரியா அப்போதுதான் அவளிடம் விஷயத்தை உளறியிருக்கிறாள், அதிதி விஷ்ணுப்ரியாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "மன்னி, கத்தி வைக்க விடாதேங்கோ. அவ வாயை ஒரு தடவை பாருங்கோ, பல்லு வந்தாச்சு. நான் சொல்லியிருக்கணும். அம்மாவே பாக்கட்டும் சித்தி, சொல்லாதேன்னு கொழந்தை கெஞ்சித்து. நாலு நாள்ல நீங்களே பாத்துடுவேள்னுதான் நான் மிண்டாம, வாயைத் திறக்காம இருந்தேன்."

கத்தி வைக்கவில்லை, திரும்பி வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும்.

திரும்பி வரும்போது போட்டில் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். அதிதி கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு குழந்தையின் தொப்பி பறந்துபோய் அப்பா அதைத் துரத்தினதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போனது. வாயைக் காட்டு என்று சொல்ல நினைத்தேன். சொல்ல என்னவோ கூச்சமாக இருந்தது. பெற்ற பெண்ணிடம் எனக்குக் கூச்சம் வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஸாதனா கூடத்தில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் நான் சண்டை பிடித்திருப்பேன், நல்ல வேளை, அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதிதியின் தலையைத் தடவிவிட்டு, கஞ்சி இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்றாள். மேலே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வந்து வளைகாப்பு எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக நடந்தது என்றேன்.

விளக்கேற்றியாயிற்று. கீழே டார்ச்சைத் தேடுகிற சத்தம் கேட்டது. அதிதி என்னைக் கேட்காமலே இறங்கிப் போனாள். முதல் ஆ கேட்டது. நான் காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து படியிறங்கினேன். அந்த நேரத்தில் நான் கீழே வருவது அதுதான் முதல் தரம். மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு உட்கார இடம் ஒதுக்குகிற அவசரத்தில் ஸாதனா குங்குமச் சிமிழைத் தட்டிவிட்டாள், நல்ல வேளை மூடியிருந்தது.

விஷ்ணுப்ரியாவின் முறை முடிந்தது. அதிதி நகர்ந்து ஸாதனாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தாள். நான் கையை நீட்டினேன். ஸாதனா டார்ச்சை என் கையில் வைத்தாள். அதிதி திரும்பி என் பக்கம் உட்கார்ந்தாள்.

எனக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. வெளிச்சம் நேரே கண்ணில் போய் அடித்தது. தள்ளிப் பிடி அம்மா, கண்ணு கூசறது என்றாள். ஸாதனா என் மணிக்கட்டைத் தொட்டுக் கொஞ்சம் கீழே இறக்கினாள். அப்போது தெரிந்தது. பால்பல் இருந்த ஓட்டையில், ஈறுக்கு நடுவில், ஊறவைத்த அரிசி மாதிரி வெள்ளையாக ஒரு முனை. கொஞ்சம் கூர்மை. பக்கத்துப் பற்களைவிடப் புதுசாக, பளிச்சென்று இருந்தது. யாரும் இழுக்காமல், கட்டாமல், அதுவாக வந்திருக்கிறது. ஸாதனா பார்த்தாள், விஷ்ணுப்ரியா பார்த்தாள், எர்ணாகுளத்து டாக்டர் பார்த்தார். நான் நாலாவது ஆள்.

அழகா இருக்குடி என்றேன். அதிதிக்கு முகமெல்லாம் சந்தோஷம். கையால் மூடிக்கொள்ளாமல் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, தினமும் சித்தியிடம் கேட்கிற கேள்வி போலிருக்கிறது, அதைக் கேட்டாள்.

"நேத்தைக்கு இன்னிக்கு வளந்திருக்கா?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான். டார்ச் என் கையில்தான் இருந்தது. நான் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். விஷ்ணுப்ரியாவின் பல் போன மாதம் எங்கே இருந்தது, இந்த மாதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதைச் சொல்ல நேற்று பார்த்திருக்க வேண்டும். அதிதி வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தாள். நான் டார்ச்சை ஸாதனாவிடம் கொடுத்தேன்.